‘ஃபார்மட் பண்ணிடலாம் சார்!’ - சரி என்று சொல்லும் முன் இதைப் படியுங்கள்

மகள் நுழைவுத் தேர்வுக்கு விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருக்கிறாள். கடைசிப் பக்கம். போட்டோவை ஏற்றிப் பணம் கட்டினால் முடிந்தது. அந்த நேரம் பார்த்துத் திரை பொக்கென்று இருட்டாகிறது. சில நொடி கழித்து, ஒன்றுமே நடக்காதது போல விண்டோஸ் மறுபடி எழுந்து வருகிறது. “நான் எதையும் தொடலப்பா!” என்று அவள் அலற, “காலைல எனக்கும் இப்படித்தான் ஆச்சு” என்று அடுக்களையிலிருந்து அம்மா குரல் கொடுக்க, “கேம் டவுன்லோடு பண்றேன்னு வைரஸை ஏத்திட்டான்” என்று பழி தம்பி மேல் விழுகிறது.

தம்பி பாவம். இந்த மாதிரித் திடீர் மரணங்களுக்கு வைரஸ் காரணமாக இருப்பது குறைவு. இன்றைய வைரஸ்கள் சத்தம் காட்டாமல் உள்ளே உட்கார்ந்து திருடத்தான் பார்க்கும். கம்ப்யூட்டரை அடிக்கடி அணைத்துத் தன் பிழைப்பைத் தானே கெடுத்துக்கொள்ளாது.

நேரம் காலம் இல்லாமல் அணைவதுதான் இந்தக் கோளாறின் பெரிய தொல்லை. ஒரு நாள் மூன்று முறை அணையும். அடுத்த நான்கு நாள் நன்றாக ஓடும். சர்வீஸ்காரரை வரவழைத்தால், பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை மாதிரி சமர்த்தாக உட்கார்ந்திருக்கும். அவரும் பத்து நிமிடம் பார்த்துவிட்டுச் சொல்வார்: “விண்டோஸ் கரப்ட் ஆயிருக்கும். ஃபார்மட் பண்ணிடலாம் சார்.”

அந்த ஒரு வார்த்தையில்தான் ஆபத்து இருக்கிறது. பல வீடுகளில் போன் நிரம்பும்போதெல்லாம் போட்டோக்களைச் சிஸ்டத்துக்கு மாற்றிவிட்டு, போனில் அழித்துவிடுகிறார்கள். பிள்ளை முதல் அடி எடுத்து வைத்த வீடியோ, மறைந்துபோன பாட்டியின் குரல், பத்து வருடக் கடைக் கணக்கு எல்லாம் அந்த ஒரு பெட்டிக்குள்தான். காரணம் மின்சாரமோ சூடோ ரேமோ என்றால் ஃபார்மட் செய்து பயனில்லை. போட்டோவும் போகும், புது விண்டோஸும் அதே போலப் பொக்கென்று அணையும்.

‘டி டிரைவில் இருக்கு, ஒண்ணும் ஆகாது’

இப்படி நம்பிக்கொண்டிருப்பவர்கள் ஏராளம். சி டிரைவில் விண்டோஸ், டி டிரைவில் நம்முடைய சாமான்கள். அதனால் சி-யை மட்டும் அழித்தால் போதும் என்று நினைக்கிறோம். இதில் இரண்டு ஓட்டைகள். டெஸ்க்டாப்பில் போட்டு வைத்த ஃபைல்களும், ‘டாக்குமென்ட்ஸ்’, ‘டவுன்லோட்ஸ்’, ‘பிக்சர்ஸ்’ ஃபோல்டர்களும் வழக்கமாகச் சி டிரைவுக்குள்தான் இருக்கின்றன. அடுத்தது, பெரும்பாலான வீட்டுக் கம்ப்யூட்டர்களில் சி, டி இரண்டும் ஒரே டிஸ்க்கின் இரண்டு பங்குகள். ஒரே வீட்டை நடுவில் சுவர் வைத்துப் பிரித்தது போல. வீடே இடிந்தால் இரண்டு அறையும் சேர்ந்துதான் இடியும்.

ஆகவே காரணத்தைத் தேடுவதற்கு முன்னால் முக்கியமானவற்றை வேறொரு டிஸ்க்குக்கு நகல் எடுத்துவிட வேண்டும். நடுவில் அணைந்துவிடும் என்ற பயம் இருந்தால், இழந்தால் திரும்பக் கிடைக்காதவற்றை முதலில், சின்னச் சின்ன ஃபோல்டர்களாக எடுங்கள். சினிமாவும் சாஃப்ட்வேரும் எப்போது வேண்டுமானாலும் கிடைக்கும். கம்ப்யூட்டர் எழவே மறுத்தால், டிஸ்க்கைக் கழற்றி ஒரு யு.எஸ்.பி. கேஸில் போட்டு வேறு கம்ப்யூட்டரில் பென் டிரைவ் மாதிரி செருகலாம். புது லேப்டாப்புகளில் டிஸ்க் பூட்டப்பட்டிருக்கக்கூடும். ‘பிட்லாக்கர்’ என்று பெயர். அப்படியானால் 48 இலக்க மீட்புச் சாவி கேட்கும். பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் அது பதிவாகியிருக்கும். மெஷின் நன்றாக இருக்கும்போதே அதைத் தேடி ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

நகல் எடுக்கும் முன் ‘செக் டிஸ்க்’ ஓட்டுவது, ‘டிஃப்ராக்’ செய்வது வேண்டாம். டிஸ்க் ஏற்கெனவே சாகக் கிடக்கிறது என்றால், மூச்சிரைக்கிறவரை மாடிப்படி ஏறச் சொன்ன கதையாகிவிடும்.

எப்படி அணைந்தது?

காய்ச்சல் என்று போனால் டாக்டர் முதலில் கேட்பது, ‘எப்போதிலிருந்து? குளிர் இருந்ததா? ராத்திரியில் அதிகமாகிறதா?’ என்றுதான். கம்ப்யூட்டருக்கும் அதே கேள்விகள். ஒரு பழைய நோட்டை மேஜையில் வைத்து, ஒவ்வொரு முறை அணையும்போதும் தேதி, நேரம், அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள், ஃப்ரிட்ஜோ மோட்டாரோ அந்த நேரத்தில் ஓட ஆரம்பித்ததா என்று இரண்டு வரி எழுதுங்கள். ஒரு வாரத்துக்குள், ‘கண்டபடி’ அணைகிறது என்று நினைத்ததில் ஒரு ஒழுங்கு தெரிய ஆரம்பிக்கலாம்.

அணையும் விதமும் முக்கியம். ஃபியூஸ் போனது போல ஒரே நொடியில் எல்லாம் நின்றால், சந்தேகம் மின்சாரத்தின் மேலும் சூட்டின் மேலும். நீலத் திரையோ, 2025-ல் விண்டோஸ் 11-க்கு வந்த கறுப்புத் திரையோ வந்து ஏதோ எழுதிக் காட்டிவிட்டு மறுபடி எழுந்தால், டிரைவர், ரேம், டிஸ்க் பக்கம் பார்க்க வேண்டும். படம் அப்படியே உறைந்து, மவுஸ் அசையாமல், பாட்டு ‘டர்ர்ர்’ என்று ஒரே இடத்தில் சிக்கிக்கொண்டால் டிஸ்க் அல்லது கிராஃபிக்ஸ். பிரௌசரோ கேமோ மட்டும் மூடிக்கொண்டு மற்றவை சரியாக ஓடினால் முதலில் அந்த ஒரு சாஃப்ட்வேரைப் பார்த்தால் போதும். மெஷினைப் பிரிக்க வேண்டியதில்லை. இவை சட்டம் இல்லை, கைகாட்டி மரம்தான். ஆனால் தேடும் பரப்பைப் பாதியாகக் குறைத்துவிடும்.

விண்டோஸும் தன் பங்குக்கு ஒரு டைரி எழுதிக்கொண்டே இருக்கிறது. ஸ்டார்ட் மெனுவில் ‘ரிலையபிலிட்டி’ என்று ஆங்கிலத்தில் தட்டினால் ‘வியூ ரிலையபிலிட்டி ஹிஸ்டரி’ என்று ஒன்று வரும். திறந்தால் நாள்வாரியாக ஒரு வரைபடம். கோளாறு நடந்த நாளில் சிவப்புப் பெருக்கல் குறி. அதே பக்கத்தில் எந்த நாளில் என்ன அப்டேட் வந்தது, எந்தச் சாஃப்ட்வேர் புதிதாக ஏறியது என்பதும் இருக்கும். தொல்லை தொடங்கிய நாளுக்கு முந்தின நாள் புதிதாக எது வந்தது என்று பாருங்கள். பல வழக்குகள் அங்கேயே முடிந்துவிடும்.

கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் ‘ஈவென்ட் வியூவர்’ திறந்து பார்ப்பார்கள். அங்கே ‘கெர்னல் பவர் 41’ என்று சிவப்பில் ஒரு வரி நிற்கும். அதைப் பார்த்துப் பயந்துபோய் அதற்கு மருந்து தேடி அலைகிறவர்கள் உண்டு. அந்த வரி காரணத்தைச் சொல்லவில்லை. மயங்கி விழுந்தவர் எழுந்தபின், ‘இதற்கு முன் நான் முறையாகத் தூங்கப் போகவில்லை’ என்று எழுதி வைத்த குறிப்பு, அவ்வளவுதான். ஏன் விழுந்தார் என்பதை நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

முதல் சந்தேகம் மின்சாரத்தின் மேல்

நம் ஊர் வீடுகளில் விசாரணையை இங்கே தொடங்குவதே நல்லது. செலவில்லாத சோதனைகள் அதிகம் இருப்பதும் இங்கேதான்.

சுவரில் வருவது 50 ஹெர்ட்ஸ் மின்சாரம். அதன் ஒரு சுற்றுக்கு 20 மில்லிசெகண்ட் ஆகும். நல்ல தரமான எஸ்.எம்.பி.எஸ்., அதாவது கேபினெட்டுக்குள் இருக்கும் மின்சாரப் பெட்டி, கரன்ட் முழுதாக நின்றாலும் 16 மில்லிசெகண்ட் அளவுக்குத் தாக்குப் பிடிக்கும். மலிவான, வயதான பெட்டி அதையும் தாங்காது. டியூப் லைட் ஒரு முறை லேசாகச் சிமிட்டுவதை நாம் கவனிக்கக்கூட மாட்டோம். கம்ப்யூட்டருக்கு அதுவே போதும்.

இன்வெர்ட்டர் உள்ள வீடுகளில் ஒரு வேடிக்கை நடக்கும். ‘இன்வெர்ட்டர் இருக்கே, எப்படி ஆஃப் ஆகும்?’ என்று கேட்பார்கள். பல இன்வெர்ட்டர்களில் ஒரு சின்ன சுவிட்ச் உண்டு. ஒரு பக்கம் ‘யூ.பி.எஸ்.’, மறு பக்கம் ‘நார்மல்’ அல்லது ‘எகோ’. நார்மலில் இருந்தால் கரன்ட் போய் பேட்டரிக்கு மாறுவதற்குச் சற்றுக் கூடுதல் நேரம் எடுத்துக்கொள்ளும். ஃபேனுக்கும் விளக்குக்கும் அது பரவாயில்லை. கம்ப்யூட்டர் விழுந்துவிடும். வோல்டேஜ் நன்றாக ஏறி இறங்கினாலும் நார்மல் மோடு அதை அப்படியே உள்ளே அனுப்பும். சுவிட்சை யூ.பி.எஸ். பக்கம் தள்ளினால் பிரச்னை முடிந்துபோகிற வீடுகளும் உண்டு. வோல்டேஜ் ரொம்ப ஆடுகிற பகுதி என்றால் அந்த மோடில் இன்வெர்ட்டர் அடிக்கடி பேட்டரிக்குத் தாவும். அதைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

கம்ப்யூட்டருக்கென்று தனி யூ.பி.எஸ். இருந்தால் அதன் பேட்டரிக்கு எத்தனை வயது? உள்ளே இருப்பது சின்ன லெட் ஆசிட் பேட்டரி. இரண்டு, மூன்று வருடத்தில் தளர்ந்துவிடும். பச்சை விளக்கு எரிவதால் அது நலமாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. சோதனை எளிது. எல்லாவற்றையும் சேவ் செய்துவிட்டு, கம்ப்யூட்டர் ஓடும்போதே யூ.பி.எஸ்.ஸின் சுவிட்சைச் சுவரில் அணையுங்கள். ஐந்து நிமிடம்கூட நிற்காமல் உடனே விழுந்தால் பேட்டரி போய்விட்டது. லேசர் பிரின்டரை அதே யூ.பி.எஸ்.ஸில் மாட்டியிருந்தால் முதலில் அதைப் பிடுங்குங்கள். தாளைச் சூடாக்கும்போது அது இழுக்கிற கரன்ட்டைச் சின்ன யூ.பி.எஸ். தாங்காது. ‘பிரின்ட் கொடுத்தா மட்டும் ஆஃப் ஆகுது’ என்ற மர்மத்துக்கு விடை பெரும்பாலும் இதுதான்.

கேபினெட்டைத் தொட்டால் சுர்ரென்று இழுக்கிறதா? எர்த் இல்லை, அல்லது எர்த் பின் தொடவில்லை. மூன்று பின் பிளக்கின் பெரிய பின்னை உடைத்துவிட்டோ, இரண்டு பின் அடாப்டர் வழியாகவோ மாட்டியிருக்கும் வீடுகளில் இது சகஜம். எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்குள் இரைச்சலைத் தரையில் இறக்கும் சின்னக் கெப்பாசிட்டர்கள் உண்டு. இறங்க வழியில்லாதபோது கேபினெட்டின் இரும்பு, வீட்டு மின்னழுத்தத்தில் பாதி அளவுக்கு மிதக்கும். கரன்ட் மிகக் குறைவு என்பதால் சுர்ரென்பதோடு போகிறது. ஆனால் எர்த் இல்லாத வீட்டில் வேறு ஏதாவது உண்மையாகவே கசிந்தால் காப்பாற்ற ஆளில்லை. இதற்குக் கம்ப்யூட்டர்காரரைக் கூப்பிட வேண்டாம், எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். ஒத்திப் போடுகிற விஷயம் இல்லை இது.

வெளியே எல்லாம் சரி என்றால் எஸ்.எம்.பி.எஸ்.ஸைச் சந்தேகிக்க வேண்டும். கேம் ஆரம்பித்த சில நிமிடத்தில் அணைவது, புதிதாகக் கிராஃபிக்ஸ் கார்டு போட்டபின் அணைவது, கருகிய வாடை ஆகியவை அதன் அறிகுறிகள். அதன் 12 வோல்ட் கம்பியில் 11.4-லிருந்து 12.6 வரைதான் இருக்கலாம். தெரிந்தவர் வீட்டிலிருந்து நல்ல பெட்டி ஒன்றை வாங்கி இரண்டு நாள் மாட்டிப் பார்ப்பதுதான் நம்பகமான சோதனை. பெட்டியைத் திறந்து பார்க்க ஆசைப்பட வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர்கள் அடிக்கிற அளவுக்கு மின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்கும்.

பழைய மெஷின் என்றால் மதர்போர்டிலும் ஒரு பார்வை. சின்ன உருளைகளாக நிற்கும் கெப்பாசிட்டர்களின் தலை தட்டையாக இருக்க வேண்டும். இட்லி மாதிரி உப்பியிருந்தாலோ, பழுப்பாக ஏதாவது கசிந்திருந்தாலோ போர்டு நாளை எண்ணிக்கொண்டிருக்கிறது. 2000-களின் தொடக்கத்தில் தரமில்லாத திரவம் நிரப்பிய கெப்பாசிட்டர்கள் உலகம் முழுக்கப் போர்டுகளில் ஏறி, இப்படி உப்பி வெடித்தது கம்ப்யூட்டர் துறையில் பெரிய கதை.

சித்திரை வெயிலும் கேபினெட் தூசியும்

பல வீடுகளில் எல்லோரும் ‘சி.பி.யூ.’ என்று சொல்லும் அந்தப் பெட்டியைத் துடைப்பது ஆயுத பூஜைக்கு மட்டும். அதுவும் வெளியே துடைத்துச் சந்தனம், குங்குமம் வைப்பதோடு சரி. உள்ளே ஃபேன் இறக்கைகளுக்கு நடுவே கம்பளி போலத் தூசி படிந்திருக்கும். பல்லி குடும்பம் நடத்திய கேபினெட்டுகளும் உண்டு.

ஃபேன் வைத்துக் குளிர்விக்கும் கம்ப்யூட்டர் அறையின் சூட்டுக்குக் கீழே போகவே முடியாது. அறையின் வெப்பத்துக்கு மேல் எவ்வளவு ஏறும் என்பதுதான் கணக்கு. மார்கழியில் அறை 25 டிகிரி இருந்தபோது பிராசஸர் 80-ல் ஓடியிருந்தால், அக்னி நட்சத்திரத்தில் அறை 40 ஆகும்போது அதே வேலைக்கு ஏறக்குறைய 95-ஐத் தொடும். அங்கே அது முதலில் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதையும் மீறினால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அணைந்துவிடும். ‘மதியம்தான் ஆஃப் ஆகுது, ராத்திரி நல்லா ஓடுது’ என்று நோட்டில் இருந்தால் வேறு சாட்சி தேவையில்லை.

‘கோர் டெம்ப்’, ‘ஹெச்.டபிள்யூ. மானிட்டர்’ போன்ற இலவசச் சாஃப்ட்வேர்கள் வெப்பத்தைக் காட்டும். கனமான வேலையில் 80, 85 வரை போவது பயப்பட வேண்டியதில்லை. சும்மா இருக்கும்போதே 70, 80 என்று காட்டினால் தூசியோ, காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டோ, கழன்ற கூலரோ காரணம். சில கூலர்களைப் போர்டில் பிடித்து வைத்திருப்பது நான்கு பிளாஸ்டிக் ஊசிகள்தான். அதில் ஒன்று விட்டுப்போனாலும் கூலர் ஒரு பக்கம் தூக்கிக்கொள்ளும். பார்வைக்கு ஃபேன் ஜோராகச் சுற்றும், சூடு மட்டும் இறங்காது.

சுத்தம் செய்யும்போது பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனைச் சில நொடி அழுத்துங்கள். மிச்சமிருக்கும் மின்சாரம் போகும். பிளோயரால் ஊதும்போது ஃபேனை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். காற்றின் வேகத்தில் அளவுக்கு மீறிச் சுற்றினால் கெட்டுவிடும். ஈரத்துணி பக்கமே போக வேண்டாம்.

லேப்டாப்பை மெத்தையில் வைத்துப் படம் பார்ப்பவர்கள் அடியில் இருக்கும் காற்றுத் துளைகளை அடைத்துவிடுகிறார்கள். ஒரு பலகையோ பெரிய தட்டோ போதும். கீபோர்டு நடுவில் மேடாகத் தூக்கியிருந்தால் மட்டும் விஷயம் வேறு. பேட்டரி உப்பியிருக்கிறது. சார்ஜரைப் பிடுங்கி, அணைத்து, அழுத்தாமல் குத்தாமல் சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோக வேண்டும். அது தீப்பிடிக்கக்கூடியது.

ரப்பர் வைத்தியம்

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலிருந்து சின்ன ஊர் சர்வீஸ் கடை வரை எல்லோரும் அறிந்த வைத்தியம் ஒன்று உண்டு. ரேமைக் கழற்றி, அதன் தங்க நிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூளைத் தட்டிவிட்டு மறுபடி மாட்டுவது. கேலிக்குரியது இல்லை. பற்களில் படியும் அழுக்கும், ஸ்லாட்டில் சரியாக உட்காராததும் உண்மையான காரணங்கள்தான். மாட்டும்போது ‘க்ளிக்’ சத்தம் கேட்க வேண்டும்.

அதற்கும் அடங்கவில்லை என்றால் ரேமே கெட்டிருக்கலாம். ஸ்டார்ட் மெனுவில் ‘விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக்’ இருக்கிறது. இன்னும் கண்டிப்பான சோதனைக்கு ‘மெம்டெஸ்ட் 86’-ஐப் பென் டிரைவில் போட்டு ராத்திரி முழுக்க ஓட விடலாம். காலையில் ஒரே ஒரு பிழை சிவப்பில் இருந்தாலும் அந்த ரேம் மேல் நம்பிக்கை வைக்கக் கூடாது. இரண்டு ரேம் இருந்தால் ஒன்றைக் கழற்றிவிட்டு ஓட்டுங்கள், பிறகு மாற்றிப் போடுங்கள். கடைக்காரர் வேகம் கூட்டுவதற்காக பயாஸில் ‘எக்ஸ்.எம்.பி.’ போட்டுக் கொடுத்திருந்தால் அதை அணைத்தும் ஒருமுறை சோதியுங்கள்.

நினைவகத்தில் ஒரே ஒரு இலக்கம் புரண்டால் என்ன ஆகும் என்பதற்குப் பெல்ஜியத்தில் ஓர் உதாரணம் இருக்கிறது. 2003 மே மாதத் தேர்தலில், ஸ்கார்பேக் என்ற இடத்தில் ஒரு வேட்பாளருக்குக் கூடுதலாக 4,096 ஓட்டுகள் விழுந்திருந்தன. கிடைக்கவே முடியாத எண்ணிக்கை என்பதால் பிடிபட்டது. 4,096 என்பது 2-ஐ 12 முறை பெருக்கினால் வருவது, அதாவது கம்ப்யூட்டர் கணக்கில் சரியாக ஓர் இலக்கம். விண்வெளியிலிருந்து வந்த கதிர் ஒன்று அதைப் புரட்டியிருக்கலாம் என்பதே பிரபலமான விளக்கம். உங்கள் வீட்டு ரேமுக்கு விண்வெளி வரை போக வேண்டாம், ரப்பர் போதும்.

டிஸ்க் பற்றிச் சுருக்கமாக. ‘கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ’ என்ற இலவசச் சாஃப்ட்வேர் டிஸ்க்கின் உடல்நிலையைச் சொல்லும். மஞ்சளில் ‘காஷன்’ என்று வந்தால் அன்றைக்கே நகல் எடுத்து, மாற்று டிஸ்க் வாங்கிவிடுங்கள். ஒரு சின்ன நுணுக்கம்: அந்தப் பட்டியலில் ‘சி.ஆர்.சி. எரர்’ எண்ணிக்கை மட்டும் ஏறிக்கொண்டே போனால் பெரும்பாலும் டிஸ்க் நல்ல டிஸ்க். குற்றவாளி அதை இணைக்கும் ஒல்லியான சாட்டா கேபிள். சில ரூபாய் கேபிளுக்காக டிஸ்க்கையே தூக்கி எறிந்தவர்கள் இருக்கிறார்கள்.

நீலத் திரை என்ன சொல்கிறது?

நீலத் திரை வந்த வேகத்தில் மறைந்து மெஷின் மறுபடி எழுந்துவிடுகிறதா? ஸ்டார்ட் மெனுவில் ‘அட்வான்ஸ்டு சிஸ்டம் செட்டிங்ஸ்’ என்று தட்டி, ‘ஸ்டார்ட்அப் அண்ட் ரெகவரி’ பகுதியில் ‘ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட்’ என்பதன் டிக்கை எடுத்துவிடுங்கள். இனி திரை நிற்கும், போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு முறையும் ஒரே வாசகம் வந்தால் ஒரு குறிப்பிட்ட டிரைவரோ பாகமோ மாட்டிக்கொண்டது என்று எண்ணலாம். ஒவ்வொரு தடவையும் புதுப் புது வாசகமாக வந்தால் ரேம், மின்சாரம் பக்கம் திரும்புங்கள். ‘வியா’ என்று தொடங்கினால் பிராசஸர், போர்டு அல்லது சூடு.

டிரைவர் என்பது கம்ப்யூட்டரின் அடிவயிற்றில் ஓடும் சாஃப்ட்வேர். அங்கே ஒரு தப்பு நடந்தால் மொத்தமும் விழும். 2024 ஜூலை 19 அன்று உலகம் முழுக்க விமான நிலையங்களிலும் வங்கிகளிலும் நீலத் திரை தெரிந்தது நினைவிருக்கும். ‘கிரவுட்ஸ்ட்ரைக்’ என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு தவறான அப்டேட், மைக்ரோசாஃப்ட்டின் கணக்குப்படி 85 லட்சம் கம்ப்யூட்டர்களை விழ வைத்தது. வீட்டில் நடப்பது அதன் குட்டி வடிவம்தான். தொல்லை தொடங்கிய நாளில் கிராஃபிக்ஸ் டிரைவர் மாறியிருந்தால் ‘டிவைஸ் மேனேஜர்’ போய் ‘ரோல் பேக்’ கொடுத்துப் பாருங்கள். இரண்டு ஆன்டிவைரஸ் இருந்தால் ஒன்றை நீக்குங்கள். ஒரே வீட்டுக்கு இரண்டு வாட்ச்மேன் போட்டால் ஒருவரை ஒருவர் திருடன் என்று பிடித்துக்கொள்வார்கள்.

எல்லாம் பார்த்தும் பிடிபடவில்லை, மெஷினோ விலை உயர்ந்தது என்றால் பிராசஸரின் பெயரைப் பாருங்கள். இன்டெல்லின் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸர்கள் சிலவற்றுக்குத் தேவைக்கு மீறி மின்னழுத்தம் போய், அவை மெல்லக் கெட்டன. 2024-ல் நிறுவனமே இதை ஒப்புக்கொண்டு, பயாஸ் அப்டேட் வழியாகத் திருத்தம் தந்தது, வாரன்டியையும் இரண்டு வருடம் நீட்டித்தது. அப்டேட் இனி வரும் சேதத்தைத் தடுக்கத்தான். ஏற்கெனவே கெட்டதைத் திருத்தாது. அதை வாரன்டியில் மாற்றித்தான் ஆக வேண்டும். பில்லைத் தேடி எடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. பிரௌசரில் திடீரென்று சைரன் சத்தத்தோடு, ‘உங்கள் கம்ப்யூட்டர் பாதிக்கப்பட்டுள்ளது, உடனே இந்த எண்ணை அழையுங்கள்’ என்று நீல நிறத்தில் ஒரு பக்கம் வரும். உண்மையான நீலத் திரையில் எந்தப் போன் நம்பரும் இருக்காது. அழைத்தால் ஒரு ‘இன்ஜினீயர்’ கனிவாகப் பேசி, ஒரு சாஃப்ட்வேரை ஏற்றச் சொல்லி, மவுஸைத் தன் கைக்கு எடுத்துக்கொள்வார். அடுத்து பேங்க் கணக்குதான். பெரியவர்கள் தனியாக இருக்கும் வீடுகளில் இதைக் கண்டிப்பாகச் சொல்லி வையுங்கள். ஏற்கெனவே பணம் போயிருந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 1930-ஐ அழைக்க வேண்டும்.

சர்வீஸுக்குக் கொடுக்கும்போது

இத்தனையும் நாமே செய்ய வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. நல்ல சர்வீஸ்காரர் கிடைப்பது நல்ல குடும்ப டாக்டர் கிடைப்பது போல. ஆனால் கையில் நோட்டோடு போனால் பேச்சே மாறும். ‘அடிக்கடி ஆஃப் ஆகுதுண்ணே’ என்பதற்கும், ‘பத்து நாள்ல ஆறு தடவை, எல்லாம் மதியம், நீலத் திரை வரல, யூ.பி.எஸ். மாத்திப் பார்த்தாச்சுண்ணே’ என்பதற்கும் உள்ள வித்தியாசம் அவருக்கு உடனே புரியும். டேட்டா நகல் எடுத்தாயிற்றா என்று அவர் கேட்காமலே ஃபார்மட் என்றால் வேறு கடை பார்ப்பது உத்தமம். பெட்டியைக் கொடுக்கும் முன் ரேம், டிஸ்க்கின் மேல் ஒட்டியிருக்கும் சீரியல் நம்பர்களைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். எந்தப் பாகத்தை மாற்றினாலும் பழையதைத் திருப்பித் தரச் சொல்லிக் கேளுங்கள்.

ஒரே சமயத்தில் ரேம், எஸ்.எம்.பி.எஸ்., விண்டோஸ் மூன்றையும் மாற்றிவிட்டால் மெஷின் சரியாகலாம். ஆனால் எதனால் சரியானது என்று தெரியாது, காசு மூன்றுக்கும் போகும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பொறுத்திருந்து பார்க்க வேண்டும்.

எத்தனை நாள் பொறுப்பது? இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. சராசரியாக மூன்று நாளைக்கு ஒரு முறை அணைந்துகொண்டிருந்த கம்ப்யூட்டர், ரேம் மாற்றியபின் மூன்று நாள் அணையவில்லை என்றால் கொண்டாட வேண்டாம். கோளாறு அப்படியே இருந்தாலும், வெறும் அதிர்ஷ்டத்தில் மூன்று நாள் தப்பிக்க 100-க்கு 37 வாய்ப்பு உண்டு. ஒன்பது நாள் தாண்டிவிட்டால் அந்த வாய்ப்பு 5-ஆகக் குறைந்துவிடும். அதாவது வழக்கமான இடைவெளியைப் போல் மூன்று மடங்கு. அந்த ஒன்பது நாள் முடியும்வரை கழற்றிய பழைய ரேமைக் குப்பையில் போடாமல் ஒரு கவரில் சுற்றி, தேதி எழுதி, அலமாரியில் வைத்திருங்கள்.